கிளைப்பனையும் தூம் மரமும்

தென்காசிக்காரர் ஒருவர் எழுதும் கதையில் 'ஆனி பிறந்தும் சாரல் விழவில்லை' என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். அதற்குமேல் அவர் விளக்க மாட்டார், விளக்கவும் வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே மிச்சத்தைப் பூந்தூறலாகக் கொண்டுவந்து தருவதும், பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழுந்தால்தான் லாட்ஜ் வைத்திருப்பவருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும் பழக்கடைக்காரருக்கும் அந்த வருஷம் வருஷமாக இருக்கும் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதே வரி அரபியில் போய், கெய்ரோவில் ஒருவர் படிக்கிறார். 'லேசான மழை' என்று போட்டிருந்தால் அவருக்கு வானிலை கிடைக்கும், ஊர் கிடைக்காது. கீழே நாலு வரி அடிக்குறிப்பு போட்டிருந்தால் ஊரைப் பற்றிய செய்தி கிடைக்கும். ஆனால் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதினவர் நினைத்தாரே, அது கிடைக்காது. ஒரு நாட்டைக் கதைகளின் வழியே அறிய முடியுமா என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். கதையில் சொல்லப்பட்டது நாட்டில் ஒரு பாதி. தன் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று நம்பி எழுத்தாளர் விட்டுவிட்டது இன்னொரு பாதி. அரபுச் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் கை தடுமாறுகிற இடமெல்லாம் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. தடுமாறுவதனால்தான் அந்த நாடும் கொஞ்சம் தெரிகிறது.

அரபு நாட்டைத் தமிழில் எழுதிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலம் பாடியபோது, அரபு மண்ணில் மலையிலிருந்து வெள்ளம் இறங்குகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. குற்றாலத்து மலையிலிருந்து சிற்றாறு இறங்கி வருவதைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் படலத்தில் எதுவும் அந்நியமாகப் படாது. அதைப் பிழை என்று சொல்கிறவர்கள் காப்பிய மரபை அறியாதவர்கள். ஒரு நாட்டை மதிக்கிறேன் என்று சொல்வதற்குத் தமிழ்ப் புலவனுக்கு அன்றிருந்த வழி, அதற்கு ஆறும் வயலும் கொடுத்துத் தன் நாடாக்கிக்கொள்வதுதான். ஆனால் மரியாதை வேறு, அறிதல் வேறு. 1930-களில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று தமிழில் சண்டை நடந்தபோது புதுமைப்பித்தன் தழுவலை அவ்வளவு கடுமையாகத் தாக்கியதற்குக் காரணம் திருட்டுப் பயம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் கதைமாந்தருக்கு வேட்டி கட்டிவிட்டால் கதை கிடைக்கலாம். அவர்கள் வேறு ஆட்கள் என்ற உண்மை போய்விடும். நாட்டுப்படலத்தின் ஆசை மொழிபெயர்ப்பாளனுக்குள் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லிலும் வந்து எட்டிப்பார்க்கும். எகிப்தியக் கிராமத்து வீட்டு வாசலில் மண்ணால் கட்டி, சாயங்காலம் ஆட்கள் உட்கார்ந்து பேசும் 'மஸ்தபா'வைத் 'திண்ணை' என்று போடும்போது நான் கூசுவதில்லை. பொருளும் பயனும் அப்படியே பொருந்துகின்றன. அதே சுலபத்தில் மற்றதெல்லாம் பொருந்திவிடும் என்று நினைக்கும்போதுதான் சறுக்குகிறது.

யூசுஃப் இத்ரீஸை எடுத்துக்கொள்ளலாம். 1927-இல் பிறந்தவர், மருத்துவர். 1954-இல் வந்த முதல் தொகுப்பின் தலைப்புக் கதை 'மிக மலிவான இரவுகள்'. இரவுத் தொழுகை முடிந்து வெளியே வருகிற அப்துல் கரீம் என்ற ஏழைக்கு, அன்று யாரோ ஊற்றிக்கொடுத்த கறுத்த தேநீரால் தூக்கம் வரவில்லை. காப்பிக்கடையில் போய் உட்காரக் காசில்லை. தெருவெல்லாம் காலில் இடறும் பிள்ளைகளை வைதுகொண்டே சுற்றிவிட்டு, கடைசியில் காசு கேட்காத ஒரே இடமான தன் வீட்டுக்கு, தூங்கும் பிள்ளைகளைத் தாண்டிப் போகிறான். சில மாதங்களில் இன்னொரு பிள்ளை பிறக்கிறது. மக்கள்தொகை பற்றிய அறிக்கை எதுவும் தர முடியாத ஒன்றை இந்தச் சில பக்கங்கள் தருகின்றன: வறுமையில் பொழுது என்பதே ஒரு செலவு. தமிழ் வாசகர் இதை உடனே பிடித்துக்கொள்வார். ஆனால் தேநீர் எப்படி ஒருவனை இரவெல்லாம் விழிக்கவைக்கும் என்று அவருக்குத் தோன்றும். நம் ஊரில் டீ என்றால் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. ராத்திரி பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் படுத்து உறங்குகிற ஆட்கள் நாம். நைல் கரைக் கிராமத்தில் தேநீர் பாலில்லாமல் கறுக்கக் கொதிக்கவைத்தது. ஆகவே 'டீ' என்று எழுதாமல் 'கறுத்த தேநீர்' என்று எழுதுகிறேன்; ஒரு பெயரடைதான் கூடுதல். அதற்குமேல் விளக்கினால் இத்ரீஸ் சொல்லாததை நான் சொன்னதாகிவிடும்.

இத்ரீஸின் உரையாடல்கள் எகிப்தியப் பேச்சு மொழியில் இருப்பவை. அவருடைய இரண்டாவது தொகுப்புக்கு முன்னுரை எழுதிய எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன், திறமையை மெச்சிவிட்டு, செம்மொழிப் பக்கம் இன்னும் சாயச் சொன்னார். இது தமிழனுக்கு அந்நியச் சண்டையே இல்லை. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று இரண்டு தமிழோடு வாழ்கிறவர்கள் நாம், அரபியரும் அப்படியே. ஆங்கிலத்துக்கு இந்தப் பிளவு இந்த அளவுக்குக் கிடையாது என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே தளத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தமிழில் அதைத் திரும்ப எழுப்பலாம்: விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சுத் தமிழில். எந்தப் பேச்சு என்பதில்தான் வம்பு. கி.ரா. கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்துக் கொடுத்திருக்கிறார். நெல்லைச் சீமைப் பேச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அப்துல் கரீம் 'ஏலே' என்று கூப்பிட்ட நிமிஷம் அவன் பாவூர்சத்திரத்துச் சந்தைக்கு வந்து நிற்பான். வட்டார முத்திரை குத்தாத பேச்சுத் தமிழ் ஒன்றை, 'வர்றேன், போறேன், என்னத்தச் சொல்ல' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். இதனால் நடை சற்று வெளிறிப்போகிறது. அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன்.

உறவுமுறை இதைவிடப் பெரிய கண்டம். யஹ்யா ஹக்கியின் 'உம்மு ஹாஷிமின் விளக்கு' 1944-இல் வந்த குறுநாவல். கெய்ரோவில் சையிதா ஸைனப் பள்ளிவாசல் சதுக்கத்தில் வளர்ந்த இஸ்மாயீல், இங்கிலாந்தில் ஏழு வருஷம் கண் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்புகிறான். வீட்டில் வளர்கிற பாத்திமாவின் நோயுற்ற கண்ணில் அவன் தாய் தர்கா விளக்கின் எண்ணெயை ஊற்றுவதைக் கண்டு கொதித்துப்போய், பள்ளிவாசலுக்குள் போய் அந்த விளக்கையே உடைக்கிறான். கூட்டம் அவனை அடித்து நொறுக்குகிறது. அவனுடைய மருந்து தோற்றுப்போகிறது. பிறகு அவன் அந்த எண்ணெயை மதித்துக்கொண்டே, தன் மருத்துவத்தையும் விடாமல் அவளுக்குச் சிகிச்சை செய்கிறான். பாத்திமாவும் இஸ்மாயீலும் யாருக்கு யார்? ஆங்கிலம் ஒரே சொல்லில் 'கசின்' என்று முடித்துவிடும். அரபு மூலம் அவளைத் தந்தையின் சகோதரர் மகள் என்று துல்லியமாகச் சொல்கிறது. அரபியில் தந்தையுடன் பிறந்தவர் வேறு, தாயுடன் பிறந்தவர் வேறு. அத்தை வேறு, சித்தி வேறு. நாமும் அப்படியே பிரிக்கிறோம். நடுவில் நிற்கும் ஆங்கிலம்தான் அந்தக் கோட்டை அழிக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் நம்பி 'மாமன் மகள்' என்று எழுதிவிட்டால் தமிழ் வாசகருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. முறைப்பெண்ணைக் கட்டுகிறான், சரிதான் என்று பக்கத்தைப் புரட்டுவார். கதை சுகமாகத் தமிழ்நாட்டில் வந்து இறங்கிவிடும். மூலத்தில் உள்ளதைச் சொன்னாலோ பெரியப்பா அல்லது சித்தப்பா மகள். நமக்கு அது தங்கை முறை. தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில்கூட, மார்க்கம் தடுக்காவிட்டாலும், பெரும்பாலும் மாமா மகளும் மாமி மகளும்தான் கட்டிக்கொள்கிற முறை. அரபு உலகத்திலோ தந்தைவழிச் சகோதரர் மகள்தான் முதல் உரிமைப் பெண். மனைவியை அந்தச் சொல்லாலேயே குறிப்பதும் உண்டு. சொத்தும் பெயரும் தந்தைவழி வீட்டுக்குள்ளேயே நிற்கும் ஒரு குடும்ப அமைப்பு முழுவதும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஆக நான் 'அப்பாவுடன் பிறந்தவரின் மகள், அவனுக்கென்று பேசிவைத்தவள்' என்று எழுதுகிறேன். பெரியப்பாவா சித்தப்பாவா என்று அரபு சொல்லவில்லை. தமிழ் கேட்காமல் விடாது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி. வாசகருக்கு அந்த இடத்தில் ஒரு நெருடல் வரும். வரட்டும். எகிப்தில் அது நெருடல் இல்லை, இங்கே நெருடுகிறது என்பதைவிட அந்த நாட்டைப் பற்றிக் கதை வேறென்ன கற்பிக்க வேண்டும்?

மரியாதைச் சொல்லும் அப்படித்தான். ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்றாகப் பிரியும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. மனைவி கணவனை எப்படி அழைப்பாள்? எகிப்தியக் கிராமத்து மனைவி பேர் சொல்லாமல் மூத்த பிள்ளையின் பேரோடு சேர்த்து 'அபூ முஹம்மத்' என்பாள். நம் ஊரிலும் 'செல்வி அப்பா' என்று கூப்பிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கிறவர் 'அபூ முஹம்மத்' என்பதை முழுப்பெயர் என்றே எடுத்துக்கொள்வார். தமிழில் 'முஹம்மது வாப்பா' என்றால் அந்தப் பெண்ணின் குரலே கேட்கும். 'இன்ஷா அல்லாஹ்' இதற்கு நேர்மாறு. தமிழில் அதை அப்படியே விட்டால் பேசுகிறவர் முஸ்லிம் என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். எகிப்தில் கிறிஸ்தவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். அவருக்கும் கடவுள் 'அல்லாஹ்'தான். ஆகவே ஆள் யாரென்று பார்த்து, பல இடங்களில் 'ஆண்டவன்' என்று போடுகிறேன். பழனியில் இருப்பவரும் ஆண்டவர், பொட்டல்புதூர் பள்ளிவாசலில் கந்தூரி நடப்பது முகைதீன் ஆண்டவருக்கு, தேவாலயத்தில் கூப்பிடுவதும் ஆண்டவரைத்தான். மூன்று மதத்துக்கும் பொதுவாகக் கிடக்கிற இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, அரபு நாட்டை அறிய நம் ஜில்லாவில் கதைப் புத்தகமா வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடையநல்லூர், புளியங்குடி, தென்காசி என்று எந்தத் தெருவிலும் சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர் இருப்பார். அவருக்கு அந்த நாட்டு வெயில் தெரியும், கடைத்தெரு தெரியும், பொறுப்பேற்கும் முதலாளியான 'கஃபீல்', தங்கும் அனுமதியான 'இக்காமா', விட்டுத்தள்ளு என்கிற 'கல்லி வல்லி' என்ற சொற்களெல்லாம் நாக்கில் இருக்கும். புத்தகம் படித்த என்னைவிட அவர் அறிந்தது அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொற்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அவை முதலாளிக்கும் வேலையாளுக்கும் நடுவில் புழங்கும் சொற்கள். வேலையிடமும் கேம்பும் விசா கவுண்டரும் அவற்றில் உண்டு. அந்த வீட்டின் உள் அறை இல்லை. உள் அறையில் தாயும் மகனும் எதற்குச் சண்டைபோடுகிறார்கள் என்பது கதையில்தான் வருகிறது. இன்னொன்று, கதைக்கு அந்த அனுபவம் எதிரியல்ல, உரைகாரர். கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' 1963-இல் வந்தது. மூன்று பாலஸ்தீனர்கள் குவைத்தில் பிழைக்கப் போக, காலித் தண்ணீர் லாரியின் இரும்புத் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்கிறார்கள். சோதனைச் சாவடியில் அதிகாரிகள் டிரைவரை நிறுத்திவைத்து ஒரு நாட்டியக்காரியைப் பற்றிக் கிண்டலடித்து நேரம் கடத்துகிறார்கள். உள்ளே மூவரும் வெந்து சாகிறார்கள். ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்ற கேள்வியை அரசியலாக வாசித்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கவுண்டரில் அதிகாரியின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டிய கட்டாயம் என்னவென்று, வளைகுடாவில் காகிதத்துக்காகக் கைகட்டி நின்றவர் எந்த விமரிசகரையும்விட நன்றாக அறிவார்.

ஆங்கிலம் வழியே வருவது எச்சில் சோறு என்ற குறை பழையது. க.நா.சு. நார்வே நாட்டு ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்று தமிழாக்கியதும் ஆங்கிலம் வழிதான். அதனால் அது தமிழ் வாசகரிடம் தோற்றுப்போய்விடவில்லை. அரபியில் இருந்து வரும் பாதையும் பெரும்பாலும் ஒரு மனிதர் போட்டது. கெய்ரோவிலும் சூடானிலும் பிள்ளைப்பருவத்தைக் கழித்த டெனிஸ் ஜான்சன்-டேவீஸ் 1947-இல் மஹ்மூத் தைமூரின் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1967-இல் அவருடைய நவீன அரபுச் சிறுகதைத் தொகுப்பு வந்தது. நஜீப் மஹ்ஃபூஸுக்கு 1988-இல் நோபல் கிடைக்கும்வரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த பதிப்பகங்கள் குறைவு. இரண்டு மொழி தாண்டி வரும்போது என்ன உதிர்கிறது என்பதற்கு உறவுமுறை ஒன்றே போதும், மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் அழித்ததைத் தமிழால் மீட்க முடிகிற இடங்களும் அதே எடுத்துக்காட்டில் இருக்கின்றன. மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் கேட்டுத் தெளிந்துகொள்ளத் தயாராக இருந்தால் போதும். அரபுச் சொற்கள் நம்மிடம் குறைவா என்ன? வக்கீல், வசூல், பாக்கி, ரத்து, ஆஜர், மராமத்து எல்லாம் பாரசீகமும் உருதும் தாண்டித் தாலுகா ஆபீசில் வந்து குடியேறிய அரபுச் சொற்கள். திருநெல்வேலியின் அல்வாவும் அப்படி வந்ததுதான். மகசூல் அங்கேயும் விளைச்சல்தான். வக்கீல் மட்டும் ஆள்மாறாட்டம் செய்வார்: அங்கே அவர் பிரதிநிதி, வழக்காடுகிறவருக்கு வேறு சொல்.

தேர்வு பற்றிய குறைதான் எனக்கு உண்மையாகவே கனமானது. ஆங்கிலப் பதிப்பாளர் எதைத் தேர்ந்தாரோ அதுதான் நம் மேசைக்கு வருகிறது. முக்காடும் சிறைச்சாலையும் மேற்கில் விலைபோகும் அளவுக்கு ஒரு சாதாரணக் கல்யாண வீட்டுக் கதை விலைபோகாது. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் வந்ததில் எதைப் பொறுக்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. இலங்கையில் எம்.ஏ. நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளை 1981-இல் தமிழில் தந்தபோது ஆங்கிலத்தின் வழியேதான் தந்தார். ஆனால் அந்தத் தேர்வு லண்டனின் தேர்வல்ல. நிலமும் வெளியேற்றமும் கண்முன் கேள்வியாகிக்கொண்டிருந்த ஒரு தீவின் தேர்வு. சிரியாவின் ஸகரியா தாமிர் இன்னொரு உதாரணம். கொல்லர் பட்டறையில் வேலைபார்த்து எழுத வந்தவர். 'பத்தாம் நாள் புலிகள்' கதையில் கூண்டுப் புலியைப் பசி போட்டே பழக்குகிறார்கள். நாளுக்கு நாள் அது ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறது. பத்தாம் நாள் புலி குடிமகனாகிறது, கூண்டு நகரமாகிறது. இதைச் சிரியாவின் படமாக மட்டும் படிக்கிறவர் பாதிதான் படித்தவர். கதை என்பது கற்பனை, அதைச் சாட்சியாக எடுக்கலாமா என்பார்கள். தாமிரின் புலியிடம் புள்ளிவிவரம் எதுவும் கிடையாதுதான். ஆனால் நேராகச் சொல்ல முடியாததை அந்த நாட்டார் எந்த வழியாகச் சொல்லிக்கொண்டார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி யார்?

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையில் உருவமே உயிர் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். உருவம் போனால் எல்லாம் போச்சு என்ற அந்த வாதத்தைக் கவிதை மொழிபெயர்ப்பு குறித்து நான் மறுக்கமாட்டேன். சிறுகதைக்கு அது அவ்வளவு பொருந்தாது. அதன் உருவம் ஓசையில் இல்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை அடக்கிவைப்பது என்ற வரிசையில் இருக்கிறது. வரிசை கடல் தாண்டும்.

சூடானியரான தய்யிப் ஸாலிஹின் 'வத் ஹாமிதின் தூம் மரம்' 1960-இல் எழுதப்பட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்த விருந்தாளியிடம் பேசிக்கொண்டே போவதுதான் கதை முழுவதும். நைல் கரையில், ஒரு பெரியாரின் அடக்கத்தலத்தருகே நிற்கும் மரத்தைச் சர்க்கார் வெட்டப் பார்க்கிறது: ஒருமுறை தண்ணீர் இறைக்கும் பம்புக்காக, ஒருமுறை நீராவிப் படகுத் துறைக்காக. ஊர் எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பு தலைநகர அரசியலுக்கே தீனியாகி, கடைசியில் மரத்தடியில் நினைவுச்சின்னம் வைக்கிறார்கள். பம்புக்கும் மரத்துக்கும் சேர்த்தே இடம் இருந்ததை ஒருவரும் நினைக்கவில்லையே என்பது பெரியவரின் ஆதங்கம். குறும்பலாவைத் தலமரமாகக் கொண்ட குற்றாலத்தில் இந்தக் கதைக்கு முன்னுரை தேவையில்லை. தலைப்புதான் தொல்லை. தூம் மரம் ஒரு பனை வகை, ஆனால் கிளை விடும். 'கிளைப்பனை' என்று எழுதினால் அழகான தமிழ்ச் சொல், உருவமும் கண்ணில் நிற்கும். ஆனால் நம் பனங்காட்டில் பனை கிளைப்பது அபூர்வம். எங்காவது ஒன்று கிளைத்துவிட்டால் ஊரே போய் அதிசயமாகப் பார்க்கும். அப்படியானால் மரம் கிளைத்திருப்பதால்தான் வத் ஹாமித் ஊரார் அதைக் கும்பிடுகிறார்கள் என்று இங்கே படிக்கிறவர் நினைத்துவிடுவார். நைல் கரையிலோ தூம் மரம் கிளைப்பதில் எந்த விசேஷமும் இல்லை. எல்லாத் தூம் மரமும் கிளைக்கும். அந்த ஒரு மரத்தின் மகிமைக்குக் காரணம் வேறு. அதனால் தலைப்பில் 'தூம் மரம்' என்றே வைத்துவிட்டு, உள்ளே ஓரிடத்தில் மட்டும், போகிறபோக்கில் சொல்வதுபோல, 'எல்லாத் தூம் மரங்களையும் போலக் கிளைத்து நின்றது' என்று ஆறு சொற்களை நானாகச் சேர்த்திருக்கிறேன். ஸாலிஹ் அவற்றை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.